மார்கழியிலிருந்து சித்திரை வரை மஸ்கெலியா: வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் சீசன் என்றதும் எல்லோருக்கும் சிவனொளிபாதமலைதான் ஞாபகம் வரும். வருகிறவர்கள் இரவோடு இரவாக மலையேறி, விடிந்ததும் இறங்கி, ஹட்டனில் ஒரு பார்சல் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே ஐந்து மாதங்களுக்குள்தான் மலையடிவாரத் தேயிலைத் தோட்டங்களில் பஜனை, பொங்கல், காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா எல்லாம் நடக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை. கேட்டால் சொல்வார்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பிலிருந்தும், இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமும் இதில் சேர்த்தி.

சீசன் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

டிசம்பர் மாதத்து உந்துவப் போயாவில் (போயா என்றால் பௌர்ணமி) தொடங்கி, மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. மலையுச்சியில் வைக்கப்படும் சமன் தெய்வத்தின் சிலையும் பூசைப் பொருட்களும் பெல்மதுளை விகாரையிலிருந்து ஊர்வலமாக வந்து சேரும். அதற்குப் பிறகுதான் சீசன் தொடங்கியதாகக் கணக்கு. சீசன் நாட்களில் பாதை முழுவதும் விளக்கு எரியும், கடை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. காற்றும் மழையும் மட்டும்தான்.

தோட்டத்துக் கணக்கு வேறு. அது மார்கழி முதலாம் தேதி பஜனையோடு ஆரம்பித்து, சித்திரை, வைகாசியில் கடைசித் தோட்டத்துத் தேர் நிலைக்கு வரும்வரை ஓடும். வெயிலும் தெளிந்த வானமும் வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வாருங்கள். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை எங்களைத்தான் முதலில் தேடி வரும்.

எப்படி வருவது?

ரயில்தான் நல்லது. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகிற ரயில் ஹட்டனில் நிற்கும். 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்ததே தோட்டத்துத் துரைமாரின் சரக்கைக் கீழே இறக்கத்தான். ஹட்டனைத் தொடும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், நீங்களும் போடலாம். சீசனில் முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். கடும் மழையில் மண்சரிந்து பாதை மூடப்படுவதும் உண்டு, அதனால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்தால் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் கண்டியில் இறங்கி, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக ஹட்டன் வரலாம். மட்டக்களப்பிலிருந்து என்றால் பதுளைக்கு பஸ்ஸில் வந்து அங்கிருந்து ரயில் பிடிப்பது அலுப்பில்லாத வழி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் மலையடிவாரமான நல்லதண்ணிக்கும் சீசனில் பஸ் தாராளமாக ஓடும். வளைவு அதிகமான பாதை, வயிறு கலங்குகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள்.

எங்கே தங்கலாம்?

நல்லதண்ணியில் எல்லா விலையிலும் அறை உண்டு. போயா நாளிலும் சனி, ஞாயிறிலும் சட்டென்று நிரம்பிவிடும், வாடகையும் ஏறும். ஹட்டன் நகரத்தில் சாதாரண விடுதிகள் இருக்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் பழைய துரை பங்களாக்களை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் வாடகை இந்தப் பதிலைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாத தகவல்.

மலை ஏறுவது கஷ்டமா? வயதானவர்கள் ஏறலாமா?

கஷ்டம்தான், ஆனால் எழுபது வயதுப் பாட்டிமார் ஏறுவதையும் பார்ப்பீர்கள். உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணிப் பாதைதான் உள்ளதில் குறுகியது, அதிலேயே ஐயாயிரத்துக்கு மேல் படி. சாதாரணமாக நடப்பவருக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் ஆகும். விடிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சூரிய உதயத்துக்கு மேலே நிற்கலாம். போயா இரவில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. படியிலேயே வரிசை நின்றுவிடும், கடைசி ஏற்றத்தில் ஒரு படி ஏறிப் பத்து நிமிஷம் நிற்க வேண்டி வரும். உங்களுக்கு வசதியான நாள் புதன் அல்லது வியாழன் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது வியர்க்கும், உச்சியில் உடம்பு நடுங்கும். நனைந்த சட்டையை மாற்ற இன்னொன்றும், ஒரு ஜேர்சியும், காதை மூடத் தொப்பியும் பையில் இருக்கட்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். கைத்தடி வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

உச்சியில் இருக்கிற பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்கிறோம், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் சிலரும் ஆதமுடையது என்கிறார்கள். 1344இல் இபன் பதூதா இந்த மலையில் ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். உச்சியில் ஒரு மணி தொங்கும். எத்தனையாவது முறையாக ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிக்கலாம். சூரியன் எழும்பியதும் கிழக்கையே பார்த்து நிற்காமல் கொஞ்சம் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்திருக்கும். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழக்கே நெரிபடுகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பிளாஸ்டிக் போத்தலைக் கீழே கொண்டுவாருங்கள். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறதாமே?

ஆமாம். மஸ்கெலி ஓயாவை மறித்து 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய நகரம் மூழ்கியது. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் மேட்டுக்கு ஏறியது. இப்போது நீங்கள் இறங்குகிற மஸ்கெலியா அப்படி மேட்டில் எழுந்த ஊர்தான். மழை குறைந்த வருடங்களில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலின் கல்லும் சுவரும் வெளியே தெரியும். அப்போது மஸ்கெலியா ஆட்கள் குடும்பத்தோடு இறங்கிப்போய்ப் பார்ப்பார்கள். வயதானவர்கள் இங்கேதான் இன்ன கடை இருந்தது, இந்த மூலையில்தான் பஸ் நிற்கும் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

எந்தத் தேதியில் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் வாய்ப்பு உண்டு. சேறு காய்ந்தது போல மேலே தெரிந்தாலும் உள்ளே ஆளை இழுக்கும். ஊர் ஆள் ஒருவர் கூட வராமல் இறங்காதீர்கள்.

மார்கழியில் தோட்டத்தில் என்ன விசேஷம்?

பஜனை. மார்கழி முழுவதும் விடியலுக்கு முன்னால் கோயிலில் கூடி, விளக்கை ஏந்தி, தாளமும் மிருதங்கமும் கிடைத்தால் ஆர்மோனியமும் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் பாடிப் போவார்கள். திருப்பாவையும் திருவெம்பாவையும் உண்டு. ஆனாலும் தோட்டத்தில் ராமர் பாட்டுக்குத்தான் குரல் எழும்பும். வாசலில் கோலம் போட்டு விளக்கு வைத்துக் காத்திருப்பவர்கள் வீட்டில் நின்று ஒரு பாட்டு அதிகம் பாடுவது வழக்கம். பிள்ளைகள் எழும்பி வருவது சுண்டலுக்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெரியவர்களும் ஒரு காலத்தில் அதற்காகத்தான் எழும்பி வந்தார்கள்.

இதைக் கேட்க வேண்டுமானால் தோட்டத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வான் வண்டியில் வந்து இறங்கினால் எல்லாம் முடிந்து, ஆட்கள் பிரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள்.

கிறிஸ்மஸுக்கு வந்தால்?

தோட்டங்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்களும் நிறைய. லயத்தில் ஒரு வீட்டில் குடில் கட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தென்னோலைக்கும் பாசிக்கும் அலைவார்கள். கரோல் குழு இரவில் வரும்போது இந்து வீட்டிலும் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பார்கள். ஹட்டன் திருச்சிலுவை ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலிக்குச் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் வான் பிடித்து வருவார்கள்.

பழைய ஆலயங்களைப் பார்க்க விரும்பினால் இரண்டு சொல்வேன். ஒன்று டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம். 1878இல் கல்லால் கட்டியது, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இன்றும் நல்ல நிலையில் உள்ளன. மற்றது பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயம். ஆங்கிலப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் அங்கேதான் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். டார்வினையும் டெனிசனையும் படம் பிடித்த அந்த அம்மா 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கே இறந்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல்.

இரண்டு இடத்திலும் கல்லறைத் தோட்டத்தில் நடந்து பாருங்கள். துரைமாரின் பெயர், ஊர், வயது எல்லாம் கல்லில் இருக்கும். மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்து காலராவிலும் அம்மையிலும் விழுந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு கல் எங்கேயும் இல்லை. அவர்கள் நட்டு வைத்த மாரியம்மன் கல்தான் இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் ஏன் மாரியம்மன் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் உண்டு.

அப்படியானால் இந்தக் கோயில்களும் கூத்துகளும் எவ்வளவு பழையவை?

மலையகத்துக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் வரத் தொடங்கியது 1820களில், கோப்பித் தோட்டங்களுக்காக. 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியில் நடைபயணம் போனார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கையோடு சாமியையும் தப்பு மேளத்தையும் பாட்டையும் கொண்டுவந்தார்கள். 1867இல் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் மலை முழுக்கத் தேயிலையானது. பயிர் மாறியது, பாட்டு மாறவில்லை. கும்மிப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைக்கு ஏற்றபடி வளைந்துகொண்டன. அவற்றைத் தோட்டம் தோட்டமாகத் தேடித் தொகுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயாப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர்.

தைப்பொங்கலுக்கு வெளியாட்கள் வரலாமா?

வரலாம். அன்று அரசாங்க விடுமுறை. லயத்து வாசலில் வரிசையாக அடுப்பு மூட்டி, கிழக்கே மேடு மறைத்தாலும் சூரியன் எட்டிப் பார்க்கிற பக்கம் பார்த்துப் பொங்குவார்கள். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் கையில் பொங்கல் வந்துவிடும். மாலையில் தோட்டத்து மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும். வயல் இல்லாத ஊரில் அறுவடைத் திருநாளா என்று சிலர் கேட்கிறார்கள். மாடு வளர்க்கிற வீடுகள் இருக்கின்றன, மரக்கறித் தோட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சூரியன் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

காமன் கூத்து என்றால் என்ன? எப்போது பார்க்கலாம்?

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், மலையுச்சியை அல்ல.

மாசி மாதத்து வளர்பிறையில் தொடங்கும். பெப்ரவரி நடுப்பகுதிக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். காமன் பொட்டல் என்று ஒதுக்கிய திடலில் கம்பம் ஊன்றி, காப்புக்கட்டி, அன்றிலிருந்து இரவுதோறும் தப்படித்துப் பாடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் கூத்து உச்சத்துக்கு வரும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு, போகாதே என்று தடுக்கிறாள். அவன் கேட்காமல் போய் மலர்க்கணை விடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, மதன் சாம்பலாகிறான். ரதி அழுது புலம்பி அவன் உயிரைக் கேட்டு வாங்குகிறாள். இதை ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடிக்கலாம். தோட்டத்தில் ஓர் இரவு முழுவதும் சொல்கிறார்கள்.

ரதி வேஷமும் ஆண்தான் கட்டுவார். ரதியும் மதனும் ஜோடியாக லயங்களுக்கு ஆடி வருவார்கள், வீட்டுக்காரர்கள் தட்டில் காணிக்கை போட்டு வணங்குவார்கள். அந்த நேரத்தில் அது பக்கத்து வீட்டு அண்ணன் இல்லை, சாமி. வேஷம் கட்டுகிறவர்கள் நாள் கணக்கில் விரதம் இருப்பார்கள். பிள்ளை வேண்டியும் நோய் தீரவும் நேர்த்தி வைத்து வேஷம் கட்டுகிறவர்கள் உண்டு. இடையில் தூதன் வருவார், எமன் வருவார், குறவன் குறத்தி வந்து சிரிக்க வைப்பார்கள். வீரபத்திரன் வரும்போது சின்னப் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிவார்கள். வேஷம் கட்டியவரைப் பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டியிருக்கும், அவ்வளவு ஆவேசம்.

மதன் எரிந்த பிறகு ரதி பாடுகிற இடத்துக்காகக் காத்திருங்கள். அது நாடகப் பாட்டு இல்லை, அசல் ஒப்பாரி. அந்த நேரத்தில் கூட்டத்தில் இருக்கிற பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்துத்தான் அழுகிறார்கள். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, மறுநாளும் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள், பனிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த இடம் வரும்வரை தூங்காமல் இருப்பார்கள்.

தப்பைக் கவனித்துக் கேளுங்கள். அந்தக் காலத்தில் விடிகாலையில் ஆட்களை வேலைக்கு எழுப்பியதும் தப்புத்தான், சாவு வீட்டில் முழங்குவதும் அதுதான், காமனுக்கு அடிப்பதும் அதுதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. பழகிய காதுக்குத் தூரத்தில் கேட்கும்போதே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது எல்லாத் தோட்டத்திலும் நடப்பதில்லை. இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள், பாட்டு முழுதாகத் தெரிந்த வாத்தியார்மாருக்கு வயதாகிவிட்டது. விழா மேடைகளில் சுருக்கிக் காட்டுகிறார்கள். அது இல்லாததற்கு நல்லதுதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் காமன் கூத்துப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

எந்தத் தோட்டத்தில் நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனால் விடுவார்களா?

மாசி பிறந்ததும் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் கடைத்தெருவில் யாரிடமாவது கேளுங்கள். ஆட்டோக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். பூசைச் சாமான் விற்கிற கடைக்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

விடுவார்கள். ஆனால் போனவுடன் கோயில் தலைவரையோ கூத்து வாத்தியாரையோ கண்டு, இன்ன ஊரிலிருந்து வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாமல் தேங்காய், வெற்றிலை, ஊதுபத்தி, முடிந்தால் ஒரு காணிக்கை. செருப்பைப் பொட்டலுக்கு வெளியே விடுங்கள். வேஷம் கட்டியவர்களோடு தோளில் கைபோட்டுப் படம் எடுக்கக் கேட்காதீர்கள். விடிந்து, வேஷம் கலைத்த பிறகு அவர்களே வந்து பேசுவார்கள். காமெராவின் பளிச்சென்ற விளக்கை அணைத்து வையுங்கள், ஆடுகிறவருக்குக் கண் கூசும்.

வேறு கூத்துகள் இல்லையா?

பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு இரண்டும் உண்டு. அர்ச்சுனன் தபசில் நட்டுவைத்த உயரமான மரத்தில் ஏறிப் பாடுவதுதான் எல்லோரும் காத்திருக்கிற கட்டம். காமன் கூத்தைப் போல வருடம் தவறாமல் நடப்பவை அல்ல, அதனால் இவற்றை நம்பிப் பயணம் போடாதீர்கள். நடந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மாரியம்மன் திருவிழா எப்போது? எந்தக் கோயிலுக்குப் போகலாம்?

ஒவ்வொரு தோட்டமும் தன் நாளைத் தானே வைத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரை, வைகாசியில் அதிகம். ஆடியிலும் உண்டு. காப்புக்கட்டு, கரகம் பாலித்தல், பால்குடம், காவடி, தீமிதிப்பு, தேர், கடைசியில் மஞ்சள் நீர். மின்விளக்கு அலங்காரத்தோடு தேர் தோட்டத்துச் சாலை வளைவுகளில் இரவில் ஏறி இறங்குவதை எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து பார்ப்பது நன்றாக இருக்கும். பறவைக்காவடி பார்க்க மனத்திடம் இல்லாதவர்கள் பிள்ளைகளோடு சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

வெளியூரில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் தங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் பஸ் நிறைந்துதான் ஓடும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். மாசி மகத்தில் ஐந்து தேர் இழுக்கிறார்கள். 1983 கலவரத்தில் சேதப்பட்டு மீண்டும் எழுந்த கோயில். மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு மாத்தளை மலைநாட்டின் வாசலாக இருந்த ஊர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நுவரெலியாவா, இங்கேயா?

ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு என்று திருவிழாவாக இருக்கும். பாதி இலங்கை அங்கே நிற்கும். 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையத்துக்கு முன்னால் படம் எடுக்கக்கூட வரிசை. கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள். போனால் சீதா எலிய சீதை அம்மன் கோயிலுக்கும் போய்வர வேண்டும்; நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குப் போகிற பாதையில், ஓடைக்கரையில் இருக்கிறது. 2024 மே மாதத்தில் கும்பாபிஷேகம் நடந்தது.

இங்கே புத்தாண்டு அமைதி. மருத்துநீர், புத்தாடை, கோயில், கைவிசேஷம். கடைகள் இரண்டு மூன்று நாள் மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வழி பார்த்து வையுங்கள்.

சாப்பாட்டுக்கு எது நன்றாக இருக்கும்?

ரொட்டியும் கட்டச்சம்பலும். தோட்டத்து ரொட்டி மொத்தமாக இருக்கும், ஓட்டலில் கிடைக்கிற மெல்லிய ரொட்டியை வைத்து எடை போடாதீர்கள். மலையேறும் வழியில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் சூடான வடையும். பலகாரம் என்றால் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வீட்டில் சுடுகிற முறுக்கும் அதிரசமும்தான். கடையில் வாங்கினால் அந்த ருசி வராது.

தேயிலை விளைகிற ஊரில் நல்ல தேநீர் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். முதல்தரத் தூள் கப்பலேறிவிடும். நாங்கள் குடிப்பது மிச்சத்தில் வருவது. அப்படியும் குளிருக்கு நன்றாகத்தான் இருக்கும்.

லயங்களுக்குள் போய்ப் பார்க்கலாமா? கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் எடுக்கலாமா?

அழைத்தால் போங்கள். அழைக்காமல் போகாதீர்கள். ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீட்டில் வெளியாள் எட்டிப் பார்த்தால் மறைக்க இடமில்லை. மலையில் நிற்கிற பெண்களிடம் கேட்டு, சரி என்றால் எடுங்கள். எடுத்த பிறகு பறிக்கிற நேரத்தை இழுக்காதீர்கள். கொழுந்தின் எடைக்குத்தான் அவர்களுடைய சம்பளம் நிற்கிறது. கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு சிரித்துப் படம் எடுப்பதைப் பற்றி என் கருத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

லயத்து வாழ்க்கையின் வரலாற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே இடம் இருக்கிறது. கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடைப்பட்ட ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கியது. பித்தளைச் செம்பு, உரல், அம்மி, தப்பு, பழைய பதிவேடுகள் எல்லாம் பார்க்கலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது. போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

நோர்ட்டன் பிரிட்ஜில் விமானச் சக்கரம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி, அதில் இருந்த 191 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் சக்கரத்தை நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். லக்சபானப் பக்கம் போகிற வழியில் நின்று பார்க்கலாம்.

குடிக்க ஏதாவது கிடைக்குமா?

போயா நாளில் இலங்கை முழுவதும் மதுக்கடை பூட்டு. மலைப்பாதையில் எந்த நாளிலும் வேண்டாம்.

அட்டை கடிக்குமா?

ஜனவரி, பெப்ரவரியில் பாதையை விட்டு விலகாமல் நடந்தால் அநேகமாக இல்லை. ஒரு மழை பெய்துவிட்டால் தேயிலைக்குள் நிச்சயம் கடிக்கும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு போங்கள். பிடித்த அட்டையை இழுத்துப் பிய்க்காமல் உப்போ எலுமிச்சம்பழச் சாறோ வைத்தால் தானாக விழும்.

இரண்டு நாள்தான் இருக்கிறது. எதை விடுவது?

மாசிப் பௌர்ணமியை ஒட்டி வந்தால் மலையை விடுங்கள். மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். முதல் நாள் ஹட்டனில் இறங்கி, வார்லி தேவாலயம், பொகவந்தலாவை பார்த்துவிட்டு, மாலையில் தூங்கி எழும்பி, இரவு கூத்துக்குப் போங்கள். மறுநாள் மத்தியானம் வரை எழும்ப மாட்டீர்கள். பிறகு மவுசாகலைக் கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு ரயில் பிடியுங்கள்.

மற்ற நாட்களில் வந்தால் முதல் இரவு மலை. இறங்கி வந்து குளித்து, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துப் படுங்கள். இரண்டாம் நாள் படி ஏற வேண்டிய எந்த இடத்தையும் திட்டத்தில் போடாதீர்கள்.